எல்.எல்.ஆர். கையில், கார் வாசலில்: டெல்டாப் பிள்ளைகளுக்கு ஒரு இன்ஷூரன்ஸ் வழிகாட்டி

கார் பழக ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் பார்ப்பது யூடியூப். அங்கே இங்கிலாந்திலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள்: வயது குறைவு என்றால் இன்ஷூரன்ஸ் எக்கச்சக்கம், அம்மா பெயரையும் சேர்த்துப் போடு, காருக்குள் கருவி பொருத்து. அதைக் கேட்டுவிட்டு இங்கே கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் இருக்கிறவர்கள், “எனக்குப் பத்தொன்பது வயசுதான், இன்ஷூரன்ஸ் கட்டுப்படியாகுமா?” என்று கவலைப்படுகிறார்கள்.

அந்தக் கவலை நமக்கு வேண்டாம். நம் நாட்டில் இன்ஷூரன்ஸ் காருக்குப் போடுவது, ஓட்டுகிறவருக்கு அல்ல. என்ன கார், எத்தனை சி.சி., எத்தனை வருடம் பழசு, எந்த ஊர்ப் பதிவு, போன வருடம் கிளெய்ம் வாங்கினீர்களா என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் பிரீமியம் போடுகிறார்கள். உங்கள் வயது அதில் பெரிய கணக்கே இல்லை.

பழகுகிறவருக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பிரீமியத்தைக் குறைவாகக் கட்டிவிடலாம். ஆனால் ஒரு இடி இடித்த பிறகு, “இந்த நிலைமையில் ஓட்டினதுக்குப் பணம் வராது தம்பி” என்று சொல்லிவிட்டால் கட்டின காசும் போச்சு. அதனால் எங்கே குறைக்கலாம், எங்கே கை வைக்கவே கூடாது என்று பார்த்துப் போவோம்.

முதலில் எல்.எல்.ஆர்.

இன்ஷூரன்ஸ் பேச்சை எடுப்பதற்கு முன்னால் உங்கள் எல்.எல்.ஆர். தாளை, அதாவது பழகுநர் உரிமத்தை, எடுத்துப் பாருங்கள். அதில் கார் வகை, அதாவது எல்.எம்.வி., இருக்கிறதா? பைக் லைசென்ஸ் ஏற்கெனவே இருக்கிறது என்ற தைரியத்தில் அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கண்ணில் அவர்கள் லைசென்ஸ் இல்லாதவர்கள்தான்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். வாங்கி 30 நாள் கழித்து, அந்த ஆறு மாதத்துக்குள், டெஸ்டுக்குப் போகலாம். காலேஜ் பரீட்சை, அறுவடை, தங்கச்சி கல்யாணம் என்று தள்ளிப்போட்டு ஏழாவது மாதத்தில் ஓட்டினால் அது செல்லாத தாள்.

எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று கார் பாலிசியிலேயே ஒரு வரி இருக்கும். ‘ஓட்டுநர் விதி’ என்ற பகுதியில் தேடுங்கள். 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3ஆம் விதியை நிறைவேற்ற வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அந்த விதி கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கார் ஓட்டும் லைசென்ஸ் உள்ள ஒருவர் சொல்லிக்கொடுப்பவராக உடன் இருக்க வேண்டும். தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பின் சீட்டில் சாய்ந்து போன் பார்க்கிற மாமா கணக்கில் வர மாட்டார். காரின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ இருக்க வேண்டும். பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது, எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. ஸ்டிக்கர் கடையில் ஐந்து நிமிட வேலை. “எல் போர்டு ஒட்டினா அசிங்கமா இருக்கு” என்று கழற்றி டிக்கியில் போட்டுவிடுகிறார்கள். மொத்த விஷயத்திலும் மலிவான இன்ஷூரன்ஸ் அந்த ஸ்டிக்கர்தான்.

எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் லைசென்ஸ் உள்ளவர்தான், அதைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி நழுவ முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் தாளே இல்லாமல், அல்லது காலாவதியான தாளோடு ஓட்டி யாருக்காவது அடிபட்டால் கதை வேறு. பல வழக்குகளில் கம்பெனி முதலில் அடிபட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதைக் கார் உரிமையாளரிடமிருந்து வசூலிக்க நீதிமன்றம் அனுமதித்திருக்கிறது. உரிமையாளர் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருப்பவர், அதாவது பெரும்பாலும் உங்கள் அப்பா.

டிரைவிங் ஸ்கூல் காரில் மட்டும் பழகுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவையில்லை. அந்தக் காருக்கு இன்ஷூரன்ஸ் எடுப்பது ஸ்கூல்காரர் பொறுப்பு. சேரும்போது ஒரு தடவை பாலிசி தேதியைக் கேட்டுப் பாருங்கள், அது போதும்.

யார் கார் என்பதில் இருக்கிறது பாதி செலவு

வீட்டில் ஏற்கெனவே கார் இருந்தால் உங்களுக்கென்று தனியாக ஒரு பாலிசியும் வேண்டாம், பெயரைச் சேர்க்கவும் வேண்டாம். உரிமையாளரின் சம்மதத்தோடு செல்லுபடியாகும் லைசென்ஸ் அல்லது எல்.எல்.ஆர். உள்ள யார் ஓட்டினாலும் அதே பாலிசிதான். பழகுகிற காலத்துக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாலிசியில் இருக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளர் லைசென்ஸோடு ஓட்டும்போது அவருக்கு ஏதாவது ஆனால்தான். மகனுக்கோ மகளுக்கோ அது வராது. தனியாக ஒரு தனிநபர் விபத்துப் பாலிசி எடுத்துக்கொள்வது நல்லது. வருடத்துக்கு ஆகும் செலவு அதிகம் இல்லை, பைக் ஓட்டும்போதும் சேர்த்துக் காக்கும்.

அடுத்தது செகண்ட் ஹேண்ட் கார். நம் பக்கத்தில் முதல் கார் என்றால் பழைய ஆல்டோ, ஸ்விஃப்ட், வேகன் ஆர் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வாங்குவதற்கு முன்னால் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு இன்ஷூரன்ஸ் எந்தத் தேதிவரை இருக்கிறது என்று பாருங்கள். விற்கிறவர் சொல்லும் தேதியை மட்டும் நம்ப வேண்டாம்.

வாங்கியபின் நம் ஊரில் ஒரு கெட்ட பழக்கம். “பேரை அப்புறம் மாத்திக்கலாம், தெரிஞ்ச ஆளுதானே” என்று 29, 30 ஆம் எண் படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுவது. தேர்ட் பார்ட்டி பகுதி, அதாவது உங்கள் காரால் மற்றவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கானது, சட்டப்படி காரோடு சேர்ந்து உங்களிடம் வந்துவிடும். ஆனால் உங்கள் சொந்தக் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி அப்படித் தானாக வராது. வாங்கி 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்ல வேண்டும். மாற்றாமல் விட்டு இடித்துவிட்டால், பழைய ஓனருக்குக் கார் இல்லை, உங்களுக்குப் பாலிசி இல்லை. இரண்டு பேருக்கும் பணம் வராது.

அப்படி மாற்றும்போது கம்பெனி கொஞ்சம் பணம் கேட்கும். பழைய ஓனர் கிளெய்ம் வாங்காமல் சேர்த்த என்.சி.பி. தள்ளுபடி அவருடையது, காருடையது அல்ல. அந்த வித்தியாசத்தைத்தான் கேட்கிறார்கள், ஏமாற்றவில்லை. கார் பேரம் பேசும்போதே இந்தத் தொகையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதேபோல் அப்பா உயிரோடு இருக்கும்போது காரை மகன் பெயருக்கு மாற்றினால் அப்பாவின் தள்ளுபடி மகனுக்கு வராது. அதனால் வெறும் ஆசைக்காக ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள்.

பழைய ஆம்னி வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கேஸ் கிட் இருந்தால் அது ஆர்.சி.யிலும் பாலிசியிலும் பதிவாகியிருக்க வேண்டும். பின்னால் வீட்டு சிலிண்டரைக் கட்டி ஓட்டுகிற வண்டி என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

புதுக் கார் என்றால் ஷோரூமில் பில்லோடு சேர்த்தே இன்ஷூரன்ஸையும் நீட்டுவார்கள். 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி சேர்த்தே எடுக்க வேண்டும். அதில் பேரம் இல்லை. சொந்தச் சேதப் பகுதியை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெளியில் ஒரு கொட்டேஷன் வாங்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பெரும்பாலும் அதே இடத்திலேயே விலை இறங்கும்.

பிரீமியத்துக்குள் என்ன இருக்கிறது

தேர்ட் பார்ட்டி என்பது உங்கள் காரால் மற்றவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி இது இல்லாமல் ரோட்டில் இறங்கவே கூடாது. பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000, சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. இதன் விலையை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1இல் அமலுக்கு வந்த அறிவிப்புப்படி, சொந்தக் காருக்கு வருடத்துக்கு 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,000க்கு மேல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். எந்தக் கம்பெனியிலும் இதே விலைதான். “எங்ககிட்ட தேர்ட் பார்ட்டி சீப்” என்று யாராவது சொன்னால் அவரிடம் ரசீதை நன்றாகப் பாருங்கள். போலிப் பாலிசி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆல்டோவின் 800 சி.சி.க்கும் ஸ்விஃப்டின் 1,200 சி.சி.க்கும் இதிலேயே 1,322 ரூபாய் வித்தியாசம் வந்துவிடுகிறது. முதல் காரைச் சின்னதாக வாங்கச் சொல்வதற்கு இது ஒரு காரணம். அக்ரகாரத் தெருவிலும் ஆற்றங்கரை ரோட்டிலும் எதிரே நெல் லாரி வரும்போது ஒதுங்க இடம் கிடைக்கும் என்பது இன்னொன்று.

சொந்தச் சேதம் என்ற பகுதியில்தான் பேரத்துக்கு இடம் உண்டு. 2007இலிருந்து இந்தப் பகுதியின் விலையைக் கம்பெனிகளே வைத்துக்கொள்கின்றன. அதனால் ஒரே காருக்கு இரண்டு கம்பெனி சொல்லும் தொகை ஆயிரக்கணக்கில் மாறலாம். நமக்கு இதில் ஒரு சின்ன அனுகூலமும் உண்டு. சென்னை, மும்பை, பெங்களூரு போன்ற எட்டுப் பெருநகரங்கள் ஒரு மண்டலம், மற்ற ஊர்கள் எல்லாம் இன்னொரு மண்டலம் என்று பிரித்திருக்கிறார்கள். டி.என். 49 தஞ்சாவூர், 68 கும்பகோணம், 50 திருவாரூர், 51 நாகப்பட்டினம், 82 மயிலாடுதுறை எல்லாமே விலை குறைந்த மண்டலத்தில் வருகின்றன.

இரண்டையும் சேர்த்து எடுப்பதைத்தான் ஊரில் ‘ஃபுல் இன்ஷூரன்ஸ்’ என்கிறோம். எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும். ஏஜென்ட் சொல்வது வரியோடா, வரி இல்லாமலா என்று கேட்காமல் இரண்டு கொட்டேஷனை ஒப்பிடாதீர்கள்.

கொட்டேஷன் கேட்கிற விதம்

குறைந்தது மூன்று இடத்தில் கேளுங்கள்: ஊரில் இருக்கும் ஏஜென்ட் ஒருவர், ஒரு அரசு கம்பெனியின் கிளை, இணையத்தில் ஒன்று. நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல் என்ற நான்கும் அரசு கம்பெனிகள். ஆர்.சி. நகல், பழைய பாலிசி, ஆதார், பான் இவற்றைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் கேட்பார்கள்.

ஏஜென்ட்டிடம், “அண்ணே, எவ்வளவு வரும்?” என்று மட்டும் கேட்டால் அவர் குறைந்த தொகை ஒன்றைச் சொல்லி உங்களை அனுப்பிவிடுவார். கேட்க வேண்டியது இப்படி: “அண்ணே, ஐ.டி.வி. எவ்வளவு போட்டிருக்கீங்க? என்.சி.பி. எத்தனை சதவீதம்? இஞ்சின் கவர் இருக்கா?” இந்த மூன்றையும் கேட்டதும் அவரும் நிமிர்ந்து உட்கார்ந்து வேறு தாளை எடுப்பார்.

ஐ.டி.வி. என்பது கார் மொத்தமாகப் போனால், அல்லது திருடு போனால், கம்பெனி கொடுக்கும் உச்சத் தொகை. புதிதாக இருக்கும்போது விலையில் 5 சதவீதம் கழிப்பார்கள். இரண்டு வருடம் தாண்டினால் 30, நான்கு வருடம் தாண்டினால் 50. ஐந்து வருடத்துக்கு மேல் நீங்களும் கம்பெனியும் பேசி வைத்துக்கொள்வதுதான். விளையாட்டு இங்கேதான் நடக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு வருடப் பழைய 1,197 சி.சி. கார், சந்தையில் 3 லட்சம் பெறும் என்று வைத்துக்கொள்வோம். முதல் கொட்டேஷனில் ஐ.டி.வி. 3,00,000, சொந்தச் சேதத்துக்கு 6,000, தேர்ட் பார்ட்டி 3,416, உரிமையாளர் விபத்துக் காப்பு 350. மொத்தம் 9,766, வரியோடு 11,524 ரூபாய். இரண்டாவது கொட்டேஷன் 10,108 ரூபாய் என்கிறது. பார்த்தவுடன் இரண்டாவது லாபம். ஆனால் அதன் ஐ.டி.வி. 2,40,000 ஆக இறங்கியிருக்கும், சொந்தச் சேதம் 4,800 ஆகியிருக்கும். தள்ளுபடி என்று எதுவும் கிடைக்கவில்லை, காரின் விலையைத்தான் குறைத்திருக்கிறார்கள். 1,416 ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய், கார் வெள்ளத்தில் மொத்தமாகப் போனால் 60,000 ரூபாய் குறைவாக வாங்குவீர்கள். எல்லாக் கொட்டேஷனையும் ஒரே ஐ.டி.வி.க்குப் போடச் சொல்லிவிட்டு அதன்பிறகு தொகையைப் பாருங்கள். (6,000, 350 என்பவை கணக்குக்காக வைத்தவை. உங்கள் காருக்கு வேறு வரும்.)

எதைக் குறைக்கலாம்

கிளெய்ம் வந்தால் முதல் 2,500 ரூபாயை நானே போட்டுக்கொள்கிறேன் என்று கூடுதலாக ஒப்புக்கொண்டால் பிரீமியத்தில் கொஞ்சம் குறைப்பார்கள். 5,000, 7,500, 15,000 என்றும் உண்டு. எப்படியும் சின்னக் கோடுகளுக்குக் கிளெய்ம் போடப்போவதில்லை என்று முடிவு செய்தவர்களுக்கு 2,500 சரி. அதற்கு மேல் பழகுகிறவர் போக வேண்டாம்.

15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு உரிமையாளருக்கு ஏற்கெனவே வேறு பாலிசியில் இருந்தால், அல்லது வீட்டில் இன்னொரு வண்டியின் பேரில் எடுத்திருந்தால், திரும்ப எடுக்க வேண்டியதில்லை. ஏஜென்ட்டுகள் இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். சாவி கவர், டயர் கவர், கைப்பை தொலைந்தால் கவர் என்று வரிசையாக டிக் அடித்து வைத்திருப்பதையும் எடுத்துவிடுங்கள். மாதத்தில் சில நாள்தான் கார் வெளியே வரும் என்றால், ஓட்டிய கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டும் பாலிசி சில கம்பெனிகளில் உண்டு. 2022இலிருந்து இதற்கு அனுமதி இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

கார் பன்னிரண்டு, பதின்மூன்று வருடப் பழசு, பெறுவதே எண்பதாயிரம் என்றால் தேர்ட் பார்ட்டியோடு விபத்துக் காப்பை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சக் காசில் டிரைவிங் ஸ்கூலில் இன்னும் பத்து வகுப்பு போவதே நல்லது என்பது என் கட்சி.

எதில் கை வைக்கக் கூடாது

தேர்ட் பார்ட்டியில் மற்றவர் பொருளுக்கான வரம்பு சொந்தக் காருக்கு 7,50,000 ரூபாய். இதை 6,000 ரூபாயாகச் சுருக்கினால் பிரீமியத்தில் 100 ரூபாய் குறைத்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. யாராவது உங்கள் பாலிசியில் அதைச் செய்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நீங்கள் பழகுகிற ரோட்டை நினைத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் காயப்போட்ட நெல், இன்னொரு பக்கம் கொள்முதல் நிலையத்துக்கு வரிசையில் நிற்கும் லாரி, நடுவில் பல லட்சம் பெறும் அறுவடை மிஷின். ஒரு பெட்டிக்கடையின் முன்பக்கத்தைப் பெயர்த்தாலே 6,000 போதாது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் ரோட்டோரம் இரவும் பகலும் போய்க்கொண்டிருப்பார்கள். அந்த நாட்களில் அந்தப் பக்கம் பழகவே போகாதீர்கள். உயிருக்கோ உடம்புக்கோ ஆனால் தேர்ட் பார்ட்டியில் தொகை வரம்பு கிடையாது என்பது இருக்கட்டும்.

இரண்டாவது, இஞ்சின் கவர். வடகிழக்குப் பருவமழையில் வெண்ணாறோ அரசலாறோ நிரம்பி வாய்க்கால் தண்ணீர் ரோட்டில் ஏறுவது நமக்கு வழக்கம். ஃபுல் இன்ஷூரன்ஸ் இருந்தால் வெள்ளத்தில் கார் மூழ்கியதற்குப் பணம் வரும். ஆனால் தண்ணீரில் நின்றுபோன காரைத் திரும்ப ஸ்டார்ட் செய்து, இஞ்சினுக்குள் தண்ணீர் இழுத்து அது உடைந்தால், அதைச் சாதாரணப் பாலிசி ஏற்காது. உங்கள் செயலால் வந்த சேதம் என்பார்கள். இஞ்சின் கவர் இருந்தால் அதற்கும் வழி உண்டு, ஆனாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொள்ளுங்கள். பழகுகிறவரின் கை பதற்றத்தில் முதலில் போவது சாவிக்குத்தான். தண்ணீரில் நின்றால் சாவியைத் தொடாதீர்கள், இறங்கித் தள்ளுங்கள் அல்லது டிராக்டர் வைத்து இழுங்கள், நேராகப் பட்டறைக்கு. சென்னையில் இருக்கும் அண்ணன் இந்தக் கவர் வேண்டாம் என்றால் அவர் அடுக்குமாடி பார்க்கிங்கில் நிற்கிற காருக்குச் சொல்கிறார்.

2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை மரங்கள் எப்படிச் சாய்ந்தன என்று பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மரம் விழுந்த காருக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருந்தால் ஒரு பைசா வராது. சொந்தச் சேதப் பகுதி இருந்தால் வரும். சாதாரண நாளில் பானட்டில் விழும் தேங்காய்க்கும் அதே விதிதான், ஆனால் அதற்குக் கிளெய்ம் போடுவதைவிடக் காரை மரத்தடியிலிருந்து தள்ளி நிறுத்துவது மேல். அப்புறம் எலி. நெல் மூட்டை, வைக்கோல் போர் பக்கத்தில் நிற்கும் காரில் வயரைக் கடித்து வைத்திருக்கும். இதை ஏற்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எடுக்கும் முன் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்து வருடத்துக்குள் உள்ள கார் என்றால் பம்பர் டு பம்பர், அதாவது பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் கொடுக்கும் கவர், எடுங்கள். சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைத்தான் கொடுப்பார்கள், இந்தக் காலத்துக் காரின் முன்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக். பழைய காருக்கு இது பெரும்பாலும் கிடைக்காது.

ஓன் போர்டு காரை, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவான காரை, வாடகைக்கு விடுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முகூர்த்த நாளில், “உன் காரைக் கொஞ்சம் அனுப்பு தம்பி, டீசலோட ஆயிரம் ரூபா தர்றேன்” என்று கேட்பார்கள். காசு வாங்கி ஓட்டினால் அது வாடகை. வழியில் இடித்து, கம்பெனிக்குத் தெரிந்தால், கிளெய்ம் போய்விடும்.

சின்னக் கோடுகளும் என்.சி.பி.யும்

கிளெய்ம் வாங்காத ஒவ்வொரு வருடத்துக்கும் சொந்தச் சேதப் பகுதியில் தள்ளுபடி ஏறும்: 20, 25, 35, 45, 50 சதவீதம். ஒரே ஒரு கிளெய்ம் வாங்கினால் அடுத்த வருடம் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

பழகுகிறவருக்குக் கேட் தூணில் பம்பர் உரசுவது சகஜம். புது பம்பர் 3,000, கூலி 1,500 என்று வைத்துக்கொள்வோம். கிளெய்மில் பம்பருக்குப் பாதி, அதாவது 1,500, கூலி 1,500, இதில் கம்பெனி ஒவ்வொரு கிளெய்மிலும் கழிக்கும் கட்டாயப் பிடித்தம் 1,000 போனால் உங்கள் கைக்கு வருவது 2,000. அதற்காக நாலைந்து வருடமாக அப்பா சேர்த்து வைத்த 45 சதவீதத்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டுமா? டிங்கரிங் பட்டறையில் பழைய பம்பரையே ஒட்டி பெயின்ட் அடித்துவிடுவார்கள். பட்டறைக்காரர், “கிளெய்ம் போட்டுடலாமே தம்பி” என்றால் அவருக்கு அதில் லாபம் இருக்கிறது.

பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் சேர்த்த என்.சி.பி. போய்விடும். அதற்கு முன்பே, ஒரு நாள் விட்டுப்போனாலும், காரைக் காட்டிப் படம் பிடித்த பிறகுதான் ஃபுல் இன்ஷூரன்ஸைத் திரும்பக் கொடுப்பார்கள். இடையில் இன்ஷூரன்ஸ் இல்லாத நாளில் ஓட்டக் கூடாது.

இடித்துவிட்டால்

முதலில் ஆளைப் பாருங்கள். யாருக்காவது அடி என்றால் 108. பிறகு காரை நகர்த்துவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். எல் போர்டு தெரிகிற மாதிரி ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் லைசென்ஸ் ஒன்று. பதற்றத்தில், “அப்பாதான் ஓட்டினார்னு சொல்லிடுவோம்” என்று ஊரே சேர்ந்து யோசனை சொல்லும். சொல்லாதீர்கள். எல்.எல்.ஆர். ஒழுங்காக இருந்தால் அந்தப் பொய் தேவையே இல்லை. தேவைப்படுகிற நிலையில் ஓட்டியிருந்தால் அந்தப் பொய் கிளெய்மைக் கெடுத்து, மேலே ஒரு வழக்கையும் கொண்டுவரும்.

ஆளுக்கு அடி, பெரிய சேதம், திருட்டு என்றால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) அல்லது எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். கம்பெனிக்கு அன்றைக்கே சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும் வரை பட்டறையில் பாகங்களைக் கழற்ற விடாதீர்கள். பணமில்லாமல் வேலை செய்யும் பட்டறைகள் எங்கெங்கே என்ற பட்டியலைப் பாலிசி எடுக்கும்போதே பாருங்கள். சில கம்பெனிகளுக்குத் திருச்சியை விட்டால் தஞ்சாவூர்தான் என்றிருக்கும். வேதாரண்யத்தில் இருப்பவருக்கு அந்த ‘கேஷ்லெஸ்’ இழுத்துச் செல்லும் செலவோடுதான் வரும். விலை கொஞ்சம் கூடினாலும் பக்கத்தில் பட்டறை உள்ள கம்பெனியே தேவலை.

கிளெய்மை மறுத்தாலோ இழுத்தடித்தாலோ முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும், பீமா பரோசா தளத்திலும் பதிவு செய்யலாம். 30 நாளில் சரியான பதில் வரவில்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம், அதாவது இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம், போகலாம். காரைக்கால்காரர்களுக்கும் அதே அலுவலகம்தான். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். கம்பெனி மறுத்த கடிதம் கையில் வந்த ஒரு வருடத்துக்குள் புகாரைக் கொடுத்துவிட வேண்டும்.